வேடமும் மெய்ப்பொருளும்: அறவீரன் ஒருவனைப் படைத்தல் குறித்து

அறநெறி வழுவாத வீரன் ஒருவனைக் கற்பனையில் உருவாக்கி, சில மணி நேரம் அவனாகவே பேசியும் முடிவெடுத்தும் வாழ்ந்து பார்ப்பது மேலோட்டமான பார்வைக்குப் பொழுதுபோக்காகத் தோன்றினாலும், சமய மெய்யியல் நெடுங்காலமாகக் கையாண்டு வந்துள்ள ஒரு வினா அதற்குள் அடங்கியிருக்கிறது. பூணும் நல்ல வேடம் ஒருவனை நல்லவனாக்குமா, அல்லது நல்லவன் பூணும்போதுதான் வேடம் நல்லதாகுமா என்பதே அவ்வினா. சிவனடியார் கோலம் பூண்டு வந்த பகைவனைப் பேணிய அரசன் ஒருவனைத் தொண்டர் வரிசையில் வைத்து வணங்கும் தமிழ்ச் சைவ மரபுக்கும், இரவு முழுதும் கிரீடம் தாங்கிக் கர்ணனாக நின்றுவிட்டு விடிந்ததும் கழனிக்குச் செல்லும் கூத்தரைக் கொண்ட திருவண்ணாமலை வட்டாரத்துக்கும், ‘நான்’ என்று எழுவது எது என்று விசாரிக்கச் சொன்ன ரமணரின் மலையடிவாரத்துக்கும் இவ்வினா அயலானதன்று.

இக்காலத்தில் இவ்வினா புதிய வடிவில் எழும் இடம் மேசைப் பாத்திர விளையாட்டு ஆகும். நால்வர் அல்லது ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர, அவர்களுள் ஒருவர் கதை நடத்துபவராக இருந்து நாட்டையும் காட்டையும் பகைவரையும் விவரிக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்று, தம் மாந்தர் இன்ன சூழலில் இன்னது செய்கிறார் என்று வாய்மொழியாகச் சொல்லிக் கதையை முன்னே கொண்டு செல்வதே அதன் நடைமுறை. 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகிய இருவரும் அமெரிக்காவில் உருவாக்கி வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகை விளையாட்டுகளுக்கு மூலமாக அமைந்தது. இதில் ஒரு செயல் கைகூடுமா என்பதைப் பெரும்பாலும் இருபது முகமுள்ள பகடை தீர்மானிக்கிறது. பகடை என்றதும் தமிழ் வாசகரின் மனம் தருமன் நாட்டையும் தம்பியரையும் மனைவியையும் வைத்துத் தோற்ற சூதுக்களத்துக்குச் செல்வது இயல்பே. ஆயினும் இங்கே பகடை ஆள்வது விளைவை மட்டுமே. வீசிய வாள் இலக்கைத் தொடுமா என்பது பகடையின் கையில் இருந்தாலும், வாளை உருவுவதா வேண்டாமா என்பது ஆடுபவரின் கையில்தான் இருக்கிறது. அறம் பற்றிய பேச்சுக்கு இவ்விளையாட்டில் இடம் கிடைப்பது இந்த ஒரு பிரிவினையால்தான்.

இவ்விளையாட்டில் அறவீரனுக்கெனத் தனி வகையே உண்டு. 1975இல் வெளிவந்த ‘கிரேஹாக்’ என்னும் துணைநூலில் ‘பாலடின்’ என்ற பெயரில் அவன் அறிமுகமானான். பாலடின் என்ற சொல், ரோம் நகரின் பாலட்டைன் குன்றில் இருந்த பேரரசரின் மாளிகையைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்து, அரண்மனைப் பணியாளரைக் குறித்து, பின்னர் ஐரோப்பிய இடைக்காலக் கதைகளில் சார்லமேன் மன்னனின் பன்னிரு பெருவீரரைக் குறிக்கலாயிற்று. 1978இல் வெளியான விளையாட்டு விதிநூலில் பாலடினுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள் துறவியின் நோன்பை நினைவூட்டுவன: அவன் ஒழுங்கும் நன்மையும் ஒருசேர உடையவனாகவே இருத்தல் வேண்டும், ஈட்டியதில் பத்தில் ஒரு பங்கை அறச்செயலுக்கு வழங்குதல் வேண்டும், மந்திர ஆற்றலுள்ள பொருள்களைப் பத்துக்கு மேல் வைத்திருத்தல் கூடாது, அறிந்தே ஒரு தீச்செயல் புரிந்தால் அவனுடைய சிறப்பாற்றல்கள் அனைத்தும் மீளாதபடி நீங்கிவிடும். 2014இல் வந்த பதிப்பில் இக்கடுமை தளர்ந்து, வரையறுத்த நற்பண்புப் பட்டியலின் இடத்தை அவன் ஏற்கும் சபதம் பிடித்துக்கொண்டது.

பட்டியலிலிருந்து சபதத்துக்கு நேர்ந்த இம்மாற்றம் ஆழ்ந்து நோக்கத் தக்கது. பட்டியல் ஒருவன் செய்யக் கூடாதவற்றைச் சொல்லுமே தவிர, அவன் எதற்காக உயிர் வைத்திருக்கிறான் என்பதைச் சொல்வதில்லை. அதனால்தான் பட்டியலைக் கையில் பிடித்து ஆடப்படும் அறவீரன் பல நேரங்களில் தன் நெஞ்சைக் காக்கும் வீரனாக இல்லாமல், உடன் வரும் தோழரின் குற்றங்களை எண்ணும் காவலனாக மாறிவிடுகிறான். திருடத் துணிந்த தோழனைத் தடுப்பதும், பொய் சொன்னவனைக் கண்டிப்பதும், பணிந்த பகைவனை விடுவிக்கச் சொல்லி வழக்காடுவதுமே அவன் வீரமாகிவிடுகின்றன. அவன் அறத்துக்கு விலை கொடுப்பவர்கள் மற்றவர்களே. ஐரோப்பியக் கதைமரபின் முதன்மைப் பாலடினாகிய ரோலண்டிடமும் இதே சிக்கல் உண்டு. 778இல் பிரனீசு மலைக் கணவாயில் நிகழ்ந்த ரோன்சவால் போரை, ஏறத்தாழ 1100ஆம் ஆண்டளவில் உருப்பெற்ற ‘ரோலண்டின் பாடல்’ பாடும்போது, பின்னணிப் படையைப் பகைவர் சூழ்ந்த நிலையில், கொம்பு ஊதி அரசனை உதவிக்கு அழைக்குமாறு தோழன் ஆலிவர் திரும்பத் திரும்ப வேண்டியும், தன் புகழுக்கும் குலத்துக்கும் இழுக்கு வரும் என்று ரோலண்ட் மறுத்துவிடுகிறான். காலம் கடந்து அவன் ஊதும்போது படையில் பெரும்பாலோர் மாண்டுபோயிருக்கின்றனர். அவன் மானம் மெய்யானதே. ஆனால் அதன் விலையைக் கொடுத்தோர் அவனை நம்பி வந்தோர்.

ஆகவே அறவீரன் ஒருவனைப் படைக்கத் தொடங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அவனிடம் எத்தனை நற்பண்புகள் உள்ளன என்பதாக இருத்தலாகாது. அவன் காக்கும் ஒரு சொல் யாது, அதைக் காப்பதற்கான விலையைக் கொடுப்பவர் யார் என்பதாகவே இருத்தல் வேண்டும். இக்கேள்விக்குத் தமிழ் மரபு தரும் மிகக் கடுமையான விடை, திருவண்ணாமலைக்குத் தென்கிழக்கே, தென்பெண்ணைக் கரையில் உள்ள திருக்கோவலூரில் கிடைக்கிறது.

திருக்கோவலூரின் மன்னன்

இன்று திருக்கோவிலூர் என வழங்கும் அவ்வூர், சிவபெருமான் வீரச்செயல் புரிந்ததாகப் போற்றப்படும் எட்டுத் தலங்களாகிய அட்ட வீரட்டங்களுள் ஒன்று. அந்தகாசுரனை இறைவன் அழித்த இடம் என்று தலபுராணம் கூறும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம், சேதி நாட்டை இவ்வூரிலிருந்து ஆண்ட மலையமான் குல மன்னர் ஒருவரை மெய்ப்பொருள் நாயனார் என்ற பெயரால் அறுபத்துமூவருள் ஒருவராகப் போற்றுகிறது. அவர் காத்த சொல் ஒன்றே: திருநீறும் சடைமுடியும் தாங்கிய சிவனடியார் வேடமே மெய்யான பொருள், அதைத் தாங்கியவர் எவராயினும் அவர் வணங்கத் தக்கவர் என்பதே அது.

அவரைப் போர்க்களத்தில் பலமுறை எதிர்த்துத் தோற்ற முத்தநாதன் என்னும் பகையரசன், வாளால் ஆகாததை வேடத்தால் முடிக்கத் துணிந்தான். மேனியெங்கும் நீறு பூசி, சடையை முடிந்து, ஏட்டுச்சுவடி கட்டிய பைக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு அவன் இரவில் அரண்மனைக்குள் புகுந்தபோது, வாயில்தோறும் நின்ற காவலர் அடியார் என்று கைகூப்பி வழிவிட்டனர். கடைசி வாயிலில் நின்ற தத்தன் என்னும் மெய்க்காவலன் மட்டும், அரசர் உறங்குகிறார், நேரம் அறிந்து செல்ல வேண்டும் என்று தடுத்தான். அவனையும் மீறி உள்ளே சென்றவனைக் கண்டு அரசி எழுந்து அரசரை எழுப்ப, அவர் எழுந்து எதிர்கொண்டு வணங்கி வந்த காரியம் கேட்டார். உலகில் வேறெங்கும் கிடைக்காத, இறைவன் அருளிய ஆகமம் ஒன்றைக் கொண்டு வந்திருப்பதாகவும், தனிமையிலேயே அதை ஓத வேண்டும் என்றும் முத்தநாதன் சொல்ல, அரசியை அகலச் செய்து, வந்தவனை உயர்ந்த இருக்கையில் அமர்த்தி, தாம் தரையில் அமர்ந்தார். சுவடியைப் பிரிப்பவன் போலப் பையை அவிழ்த்தவன், அரசர் தலைதாழ்த்தி வணங்கிய கணத்தில் தான் கருதி வந்ததைச் செய்து முடித்தான்.

உள்ளே நடப்பதில் கருத்தை வைத்திருந்த தத்தன் நொடியில் பாய்ந்து வந்து வாளை ஓங்கினான். குருதி பெருகச் சாயும் நிலையில் அரசர் கையை நீட்டி அவனைத் தடுத்து, இவர் நம்மவர் என்றார். அத்துடன் நில்லாமல், இவருக்கு வழியில் எவரும் இடையூறு செய்யாதபடி நகர் எல்லை கடத்தி விட்டுவா என்றும் பணித்தார். செய்தி பரவி வெகுண்டு சூழ்ந்த மக்களிடையே, அரசரின் ஆணையைச் சொல்லிச் சொல்லி விலக்கி, தன் மன்னரைக் கொல்ல வந்தவனைத் தத்தன் தன் உடலால் மறைத்துக் காத்து, ஆள் நடமாட்டமற்ற காட்டில் விட்டுவிட்டுத் திரும்பினான். வந்தவன் இடையூறின்றிச் சென்றான் என்ற சொல்லைக் கேட்பதற்காகவே அதுவரை உயிரைப் பிடித்து வைத்திருந்த மன்னர், அவன் செய்ததைப் பாராட்டி, அடியார் அன்பைப் பேணும்படி அடுத்து ஆள்வோர்க்கு உரைத்துவிட்டு இறைவனை எண்ணினார். உமையோடு இறைவன் காட்சி தந்தான் என்று புராணம் முடிக்கிறது.

இவ்வரலாற்றுக்கு எதிராக எழக்கூடிய தடை வலுவானது. கொலைஞனை அரசன் தண்டிக்காமல் விடுவது அறமாகுமா என்று கேட்டால், செங்கோன்மை பற்றிய தனி அதிகாரத்தில் கொடியவரை ஒறுப்பதைப் பயிர் காக்கும் களையெடுப்போடு ஒப்பிடும் திருக்குறள், ஆகாது என்றே விடை சொல்லும். குடிகளின் பாதுகாப்பு அரசனின் தனிச் சொத்தன்று என்பதால், அதை அவன் தன் பக்திக்காக விட்டுக்கொடுத்துவிட இயலாது. இத்தடையை மறைப்பது மெய்ப்பொருளாருக்குச் செய்யும் சிறப்பாகாது. அவர் உண்மையில் விட்டுக்கொடுத்தது எது என்று பார்ப்பதே தகும். முத்தநாதன் படையெடுத்து வந்தபோதெல்லாம் அவர் களத்தில் நின்று வென்றவர். அடியார் வேடத்தைப் போற்றியதற்காக நாட்டைத் திறந்துவிட்டவர் அல்லர். அவர் பொறுத்துக்கொண்டது தம் உடம்பில் பட்ட காயத்தை மட்டுமே. பிறர்க்கு இழைக்கப்பட்ட தீங்கை மன்னிக்கும் உரிமை எவருக்கும் இல்லை. தமக்கு இழைக்கப்பட்டதை மன்னிக்கும் உரிமை எவருக்கும் உண்டு. இந்த வேறுபாடுதான் மெய்ப்பொருளாரை ரோலண்டிடமிருந்து பிரிக்கிறது. ஒருவனுடைய சொல்லுக்குத் தோழர்கள் மாண்டனர். மற்றவருடைய சொல்லுக்கு அவரே மாண்டார்.

ஏனாதிநாதரின் வாள்

அதே பெரியபுராணத்தில் வரும் ஏனாதிநாத நாயனார் இவ்வேறுபாட்டை இன்னும் நுண்ணிய நிலைக்குக் கொண்டு செல்கிறார். சோழநாட்டு எயினனூரில் மன்னர்க்கு வாட்பயிற்சி அளித்து, அதில் வரும் பொருளை அடியார்க்கு வழங்கி வாழ்ந்த அவர்மீது, அதே தொழில் செய்த அதிசூரன் பொறாமை கொண்டு, படை திரட்டி வந்து போரிட்டுத் தோற்றான். பின்னர், இருபுறத்தாரும் வீணே மடியாதபடி இருவர் மட்டும் தனியே பொருதுவோம் என்று அவன் சொல்லியனுப்ப, ஏனாதிநாதர் உடன்பட்டு, சுற்றத்தார் அறியாமல் குறித்த இடத்துக்குத் தனியே சென்றார். சூழ்ச்சிக்காகச் சொல்லப்பட்ட அச்சொல்லைக்கூட அவர் ஏற்றது, தம் பொருட்டுப் பிறர் உயிர் போகலாகாது என்ற எண்ணம் அவருக்கும் உரியதாக இருந்ததால் ஆகலாம்.

அதுவரை நீறு பூசியறியாத அதிசூரன், அன்று நெற்றி நிறைய நீறணிந்து, முகத்தைக் கேடயத்தால் மறைத்துக்கொண்டு வந்தான். ஏனாதிநாதர் சுழன்று பொருது அவனை வீழ்த்தும் வேளையில் அவன் கேடயத்தைச் சிறிதே விலக்கினான். நீற்றைக் கண்ட கணத்தில், இவர் அடியாராகிவிட்டார், இனி இவர் விரும்பியபடியே ஆகட்டும் என்று ஏனாதிநாதர் துணிந்தார். வாளையும் கேடயத்தையும் கீழே போட எண்ணியவர் உடனே அவ்வெண்ணத்தை மாற்றிக்கொண்டார் என்று சேக்கிழார் காட்டுவதுதான் இவ்வரலாற்றின் உச்சம். ஆயுதமற்றவரைக் கொன்றான் என்ற பழி அவனுக்கு வந்துவிடலாகாதே என்று கருதி, ஆயுதங்களை விடாமல் ஏந்தி, போரிடுபவர் போலவே எதிர்நின்று உயிர் கொடுத்தார்.

இங்கே வேடம் பூண்டவர் இருவர். அதிசூரன் அடியாராக நடிக்கிறான். ஏனாதிநாதர் போர்வீரராக நடிக்கிறார். முதலாவது நடிப்பு பிறனைக் கொல்வதற்காக, இரண்டாவது நடிப்பு கொல்பவனைப் பழியிலிருந்து காப்பதற்காக. ஆகவே வேடம் என்பதனாலேயே ஒன்று பொய்யாகிவிடுவதில்லை. அது யாருடைய நன்மையை நோக்கிப் பூணப்பட்டது என்பதைக் கொண்டே அதன் மெய்யும் பொய்யும் அறியப்படும். மேசை விளையாட்டில் அறவீரனை ஏற்பவர் உண்மையில் வாளெடுத்தவர் அல்லர், எவருக்காகவும் உயிர்விடப் போகிறவரும் அல்லர் என்பது அவருடைய ஈடுபாட்டைப் பொய்யாக்கிவிடாது. அவ்வேடத்தால் அவர் நோக்குவது உடன் ஆடுவோரின் மகிழ்வையா, தம் மேன்மையையா என்பதே அதைத் தீர்மானிக்கும்.

திரைக்குப் பின்னிருந்து வரும் குரல்

வேடத்தை இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்ளும் மரபு திருவண்ணாமலை வட்டாரத்தில் நூலில் மட்டும் வாழவில்லை. செய்யாறு, ஆரணி, புரிசை முதலிய ஊர்களை உள்ளிட்ட இப்பகுதி தெருக்கூத்தின் தாயகங்களுள் ஒன்று. திரௌபதியம்மன் கோயில் விழாக்களில் பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்ல, இரவில் கூத்தர்கள் அதே கதையை ஆடுவர். அருச்சுனன் தபசு, கர்ண மோட்சம், துரியோதனன் படுகளம் என நாள்கள் செல்ல, விழா தீமிதியில் நிறைவுறும். வீரரும் அரசரும் ஏற்கும் வேடத்துக்குக் கட்டை வேடம் என்று பெயர். எடை குறைந்த மரத்தில் செதுக்கி, வண்ணத் தாளும் கண்ணாடித் துண்டும் ஒட்டிய கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் பூண்டு, முகத்தில் அரிதாரம் தீட்டிக்கொள்ளும் அக்கோலம், மனித உடம்பை அதன் இயல்பான அளவைவிடப் பெரிதாக்கிக் காட்டுவது. கயிறுகள் இறுகக் கட்டப்பட்ட பின் அதைத் தரித்தவர் தோளைக் குறுக்கி நிற்க இயலாது. வேடம் முதலில் உடம்பை நிமிர்த்துகிறது, பின்னர் உடம்பு மனத்தை நிமிர்த்துகிறது.

இக்கூத்தில் கதைமாந்தர் முதலில் தோன்றும் முறை மெய்யியல் நோக்கில் கருதத் தக்கது. இருவர் பிடித்த திரைக்குப் பின்னே நின்று, வேடதாரி தன்னை ‘நான்’ என்று சொல்லாமல், இன்ன அரசன் வருகிறான் என்று படர்க்கையிலேயே பாடுகிறார். திரை விலகியதும், அவையோருக்கும் கூத்துக்கும் இடையே நிற்கும் கட்டியக்காரன் அவரை நோக்கி, யார் நீர், எந்த நாட்டிலிருந்து வருகிறீர் என்று கேட்கிறான். அப்போதுதான் அவர் தன்மையில் விடை சொல்கிறார். தன்னைப் பிறனாகப் பாடி, பின்னர் கேள்வி ஒன்றுக்கு விடையாக அப்பிறனை ‘நான்’ என்று ஏற்கும் இவ்வொழுங்கு, வேடம் என்பது ஒட்டிக்கொள்ளும் தோல் அன்று, கேட்கப்பட்டு ஏற்கப்படும் பொறுப்பு என்பதைச் சொல்லாமல் சொல்கிறது. மேசை விளையாட்டிலும் பழகியவர்கள் படர்க்கையில் தொடங்கித் தன்மைக்கு வருவது உண்டு. ‘அவன் கதவைத் திறக்கிறான்’ என்று சொன்னவர், கதவுக்கு அப்பால் அழுதுகொண்டிருக்கும் குழந்தையைக் கதை நடத்துபவர் விவரித்ததும், தம்மையறியாமல் ‘நான் குனிகிறேன்’ என்பார். அந்த இலக்கண மாற்றம் நிகழும் இடத்தில்தான் மாந்தர் பிறக்கிறார்.

கர்ணனின் கதையிலும் சோதனை வேடம் பூண்டே வருகிறது. கவச குண்டலங்களைக் கேட்க இந்திரன் அந்தணக் கோலத்தில் வந்தான். குற்றுயிராய்க் கிடந்தவனிடம் அவன் செய்த புண்ணியம் முழுதையும் கேட்கக் கண்ணனும் அந்தணக் கோலத்திலேயே வந்தான் என்று வில்லிபாரதம் கூறும். தாரை வார்க்க நீரின்றித் தன் குருதியாலேயே வார்த்துக் கொடுத்த கர்ணன், புண்ணியத்தைக் கொடுத்ததனால் வரும் புண்ணியத்தையும் தனக்கென வைத்துக்கொள்ளவில்லை. தருமத்தைக் கணக்கு வைத்துச் சேர்ப்பவனுக்கும் தருமத்தையே கொடுத்துவிடுபவனுக்கும் உள்ள தொலைவு இதுதான்.

மலையடிவாரத்தில் ஓர் இரவு

நல்லவன் என்று தன்னை எண்ணிக்கொள்ளும் நினைவே நன்மைக்குப் பெரிய இடர் என்பதை ரமணரைவிடத் தெளிவாகக் காட்டியவர் அரியர். மதுரையில் பள்ளி மாணவராக இருந்தபோது அவர் ஆழ்ந்து படித்த சமய நூல் பெரியபுராணம். 1896 ஆகஸ்டு இறுதியில் வீட்டைத் துறந்து அருணாசலம் நோக்கிப் புறப்பட்ட அந்தப் பதினாறு வயதுச் சிறுவர், கையில் பணம் தீர்ந்து நடந்தே அறையணிநல்லூரை அடைந்து, அங்கிருந்து மெய்ப்பொருளாரின் ஊராகிய திருக்கோவலூரில் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலுக்குப் பசியோடு வந்து சேர்ந்தார். அங்கே ஓர் இல்லத்தில் உணவு பெற்று, காதில் கிடந்த கடுக்கன்களை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்து, அவற்றை மீட்பதற்கென எழுதித் தந்த சீட்டையும் கிழித்தெறிந்துவிட்டு, செப்டம்பர் 1ஆம் நாள் இரயிலில் திருவண்ணாமலை வந்தடைந்தார்.

1922இல் அன்னையின் சமாதியைச் சுற்றி ரமணாசிரமம் உருவாகத் தொடங்கியபோது, அது இன்றைய செங்கம் சாலையின் பரபரப்பு இல்லாத, சில கூரைக் கொட்டகைகள் மட்டும் கொண்ட தனித்த இடம். 1924 ஜூன் 26 நள்ளிரவில், அங்கே செல்வம் இருக்கும் என்று நம்பிய திருடர்கள் ஜன்னலை உடைக்க முற்பட்டனர். ரமணர் அவர்களை உள்ளே வந்து விரும்பியதை எடுத்துக்கொள்ளச் சொல்லி, உடனிருந்தோர் அடிபடாமல் இருக்கும் பொருட்டுக் கொட்டகையை விட்டு வெளியேறவும் முன்வந்தார். வெளியே வந்தவர்களைத் திருடர்கள் தடியால் அடித்தனர். ரமணரின் இடது தொடையிலும் அடி விழுந்தது. போதவில்லையென்றால் மற்றக் காலிலும் அடிக்கலாம் என்று அவர் அடித்தவனிடம் சொன்னார். இரும்புக் கம்பியைக் கையிலெடுத்துத் திருடரை எதிர்க்கத் துணிந்த தொண்டரை அவர் தடுத்தார். திருடுவது அவர்கள் ஏற்ற பாத்திரம், பொறுத்துக்கொள்வது சாதுக்களாகிய நம் பாத்திரம், அவர்கள் தம்முடையதைச் செய்யட்டும், நாம் நம்முடையதை விட்டுவிடலாகாது என்ற கருத்துப்பட அறிவுறுத்தினார். நாக்கைக் கடித்த பல்லை எவரும் தட்டிவிடுவதில்லையே என்றும் விளக்கினார். அடி பட்டதா என்று கேட்டவருக்குத் தமக்கும் பூசை நடந்தது என்று அவர் சொன்ன விடையில், வழிபாட்டையும் அடியையும் ஒரே சொல்லால் குறிக்கும் தமிழ் வழக்கு, இரண்டையும் ஒன்றாகவே ஏற்ற மனநிலைக்குப் பொருத்தமான ஆடையாக அமைந்துவிட்டது. திருடர்கள் பின்னர் சட்டத்தின் பிடியில் சிக்கினர் என்பதும் இங்குக் குறிக்கத் தக்கது; தனிமனிதரின் பொறுமை பொதுநீதியின் கடமையை அழித்துவிடவில்லை.

பாத்திரம் என்ற நோக்கு ரமணரின் எழுத்திலும் உண்டு. ‘உள்ளது நாற்பது’ நூலுக்கு அனுபந்தமாக அமைந்த செய்யுள்களுள் இரண்டில், யோகவாசிட்டத்தில் வசிட்டர் இராமனுக்கு உரைத்த கருத்தை அவர் தமிழில் தந்திருக்கிறார். உள்ளே மெய்ந்நிலையில் ஊன்றி நின்று, வெளியே விருப்பும் மகிழ்வும் முயற்சியும் கொண்டவன் போலத் தன் வேடத்துக்கு ஏற்றவாறு உலகில் ஆடுக என்பதே அவற்றின் திரண்ட பொருள். அங்கே இராமனை வசிட்டர் விளிக்கும் சொல் ‘வீர’ என்பதாகும். உலகைத் துறந்து செல்ல நினைத்த இளவரசனுக்கு, வேடத்தைக் களைந்தால்தான் விடுதலை என்று ஆசிரியர் சொல்லவில்லை. வேடம் வேடமென அறிந்தவனே அதைத் தயக்கமின்றி, தன்னலம் கலவாமல் தாங்க வல்லவன் என்றே சொல்லுகிறார். தன்னைக் கர்ணன் என்றே நம்பிவிட்ட கூத்தன் எதிரில் நிற்கும் அருச்சுன வேடத்தினனை உண்மையாகவே காயப்படுத்திவிடக்கூடும். தன்னைக் கூத்தன் என்று மறவாதவன் கர்ணனின் வேதனையை முழுமையாகத் தாங்கியும் தோழனின் உடம்பில் கீறலும் விழாதபடி வாள் வீசுவான். அறியாமையோடு கூடிய ஈடுபாடு வெறியாகிறது. அறிவோடு கூடிய ஈடுபாடு கலையாகிறது, ரமணர் வழியில் சொன்னால், வாழ்க்கையாகவும் ஆகிறது.

படைப்பவருக்கு உரியவை

இவ்வளவும் கருதிய பின், மேசையில் அறவீரனைப் படைக்க அமர்பவருக்குச் சில நெறிகள் தாமே துலங்குகின்றன. அவனுக்கு நற்பண்புகள் பலவற்றை அடுக்குவதைக் காட்டிலும், ஒரே ஒரு சொல்லைக் கொடுத்து, அச்சொல் எப்போது, யாரிடமிருந்து அவனுக்கு வந்தது என்று வரையறுப்பது நன்று. மெய்ப்பொருளாருக்கு வேடம், கர்ணனுக்குக் கொடை என்பது போல, அச்சொல் குறுகியதாகவும் விலை மிக்கதாகவும் இருத்தல் வேண்டும். காப்பதற்கு எளிதான சொல் எவனையும் வீரனாக்குவதில்லை. அடுத்து, அச்சொல்லை உடைக்க வருபவன் நேரடிப் பகைவனாக வராமல், அச்சொல்லின் உடையையே பூண்டு வருவதற்குக் கதை நடத்துபவர் இடம் தர வேண்டும். எதிரியை வெல்லும் வீரம் பகடையால் முடிவாகிவிடும், தான் போற்றுவதன் போலியை எதிர்கொள்ளும் வீரமே ஆடுபவரின் முடிவுக்கு உரியது. மூன்றாவதாக, அம்முடிவின் விலை அவனுடைய உடம்பிலும் உடைமையிலும் புகழிலும் விழுமாறு படைப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும். தோழரின் பங்கிலிருந்து அதை அவன் எடுக்கத் தொடங்கும் கணத்தில் அவன் ரோலண்டாகிவிடுகிறான். நான்காவதாக, தன் நன்மையைப் பற்றித் தானே பேசாதவனாக அவனை வைத்துக்கொள்ள வேண்டும். கட்டியக்காரன் கேட்கும்போது மட்டும் தன் பெயரைச் சொல்பவன், கேளாமலே அறம் உரைப்பவனைவிட நெடுநேரம் அவையின் நினைவில் நிற்பான்.

இந்நெறிகளுக்கு நடுவே மறந்துபோகக் கூடாத ஒருவன் தத்தன். மெய்ப்பொருளாரின் சொல்லுக்கு உயிர்விலை கொடுத்தவர் அவரே என்றாலும், அச்சொல் நிறைவேறியது தத்தனின் கால்களால். அரசரின் கொள்கையை அவன் ஏற்றானா என்பதைப் புராணம் ஆராயவில்லை. ஓங்கிய வாளை அவன் இறக்கினான். குருதி வழியும் தன் தலைவரை அறையில் விட்டுவிட்டு, அவரைக் குத்தியவனோடு அவ்விரவில் நகர்த்தெருக்களில் நடந்தான். கல்லும் தடியும் ஏந்தி வந்தவர்களுக்கு எதிரே தானே நின்றான். பின்னர் அத்தனை தூரமும் தனியே திரும்பி நடந்து வந்து செய்தி சொன்னான். ஒருவர் பூண்ட சபதம் இன்னொருவர் தோளில் இவ்வளவு பாரமாக இறங்குவதை அறிந்ததனால்தான் போலும், மன்னர் இறைவனை எண்ணுவதற்கு முன் அவன் வருகைக்காகக் காத்திருந்து, தமக்கு அவன் செய்ததை வேறு யார் செய்ய வல்லார் என்று நன்றி சொன்னார். ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களுள் எவரோ ஒருவர் அறவீரனைப் படைத்துக்கொள்ளும்போது, மற்றவர்கள் தாமறியாமலே தத்தனின் இடத்தில் நிறுத்தப்படுகின்றனர். அவர்கள் திரும்பி வரும்வரை காத்திருக்கத் தெரிந்தவன் எவனோ, அவனையே அறவீரன் என்ற பெயரால் அழைப்பது தகும்.